பிளாஸ்டிக் பாயில் பிறந்த மின்சாரம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அப்போது என்னைவிடப் பெரிய முட்டாள் இருந்திருக்க முடியாது. அதிலும் நான் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய முட்டாள்; அந்த வகைதான் ஆபத்தானது.

ஏழாம் வகுப்பில், தலையில் தேய்த்த ஸ்கேலில் காகிதத் துணுக்குகள் போய் ஒட்டுவதைக் காட்டி, இதுதான் மின்னூட்டம் என்றார் வாத்தியார். அதே வாரம் அக்கா, எலக்ட்ரானிக்ஸ் பயிற்சி நிலையத்தில் தன் கையால் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த சின்ன போர்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பேட்டரியை மாட்டினால் பத்து சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மறுநாள் ஓசூரில் ஒரு கம்பெனியில் அதை எரியவைத்துக் காட்டினால் வேலை. இல்லையென்றால் பழையபடி மாம்பழக் கூழ் ஆலையில் கொட்டை எடுக்கப் போகவேண்டும். போன சீசனில் மாம்பால் பட்டு அவள் விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது.

போர்டைச் சாம்பல் நிறக் கவரில் போட்டு அலமாரியில் வைத்தவள், "டேய், இதப் பிரிக்காத. கையில சார்ஜ் இருக்கும், ஐசி போயிரும்" என்றாள்.

"நான் என்ன பேட்டரியா?"

"நீ கழுத. தொடாத."

ஒரு ஸ்கேலுக்கே அவ்வளவு சக்தி என்றால் ஒரு முழுப் பையனுக்கு எவ்வளவு இருக்கும்? அவள் குளிக்கப் போனதும் பிளாஸ்டிக் பாயில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டேன். பங்குனி வறட்சியில் கைமயிர் சிலிர்த்து நின்றது. பேட்டரி இல்லாமலே பத்து விளக்கையும் எரித்துவிடும் தோரணையில் கவரைப் பிரித்து, போர்டின் நடுவில் கறுப்புப் பூச்சிபோல் உட்கார்ந்திருந்த ஐசியின் காலில் விரலை வைத்தேன். டிக் என்றது. அவ்வளவுதான். ஒன்றும் எரியவில்லை, புகையவில்லை. ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்பது என் விஞ்ஞானம். மடிப்பு மாறாமல் கவரை மூடி வைத்துவிட்டு விளையாடப் போனேன்.

மறுநாள் ஓசூரில் போர்டு எரியவில்லை. அங்கிருந்த கன்னடக்கார மேடம் பேட்டரியை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டு, "ஆகல்லம்மா" என்று அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டாராம். "இதெல்லாம் நமக்கெதுக்குன்னு அப்பவே சொன்னன்" என்றாள் அம்மா. அப்பா கூழ் ஆலை மேஸ்திரியைப் பார்க்கக் கிளம்பினார்.

விரலுக்கு டிக்கென்று தெரிகிற மின்னூட்டம் ஐசிக்கு இடி. ஒரு கரிப்புள்ளிகூட இல்லாமல் அது செத்துப்போகும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்த முதல் மாதம் இதைக் கேட்டபோது, எங்கள் பெஞ்சின் ஆஸ்தான கோமாளியான நான் மேசைக்குக் கீழே என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்டு எரியாத அந்தச் சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. அக்கா வாசல் வெளிச்சத்தில் போர்டைத் திருப்பித் திருப்பி, சால்டர் வைத்த ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏங்க்கா எரியல?" என்று கேட்டேன்.

"என் கை சரியில்லடா."