மிச்சம் பார்க்கும் சித்தி

நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் சித்தி வீட்டில் வந்து பெட்டியை இறக்கிய வியாழக்கிழமைதான் சித்தி வேலையை விட்டாள். கையில் நாற்காலி மெத்தை, இடுப்பில் தொட்டிச் செடி. "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று செருப்பை உதறினாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

சித்தி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவள். அவள் அலுவலகத்துக் கதவுகளைத் திறக்கும் அட்டைக்கு எழுதியதும் அவள்தான். வாசலுக்கு ஒன்று, கிடங்குக்கு இரண்டு, ஆய்வகத்துக்கு நான்கு, மாடிக்கு எட்டு. யாருக்கு எந்தெந்தக் கதவோ அவற்றைக் கூட்டினால் அவர் அட்டையின் எண். வாசலும் கிடங்கும் என்றால் மூன்று. முதலாளிக்கு எல்லாக் கதவும், பதினைந்து.

தப்பான எண் நுழையக்கூடாது என்று மேலாளர் தானே ஒரு சோதனையைச் சேர்த்தார். எண் அந்த நான்கில் ஒன்றாக இல்லையென்றால் அட்டை செல்லாது. மறுநாள், வாசல் கதவு மட்டுமே உள்ள, ஒன்றாம் எண் வரவேற்பு மேசைப் பெண் மட்டும் ஒய்யாரமாக உள்ளே போனாள். மற்றவர்கள் முதலாளியோடு வெயிலில் காய்ந்தார்கள்.

"மூணுன்னு ஒண்ணு பட்டியல்லயே இல்லையே மேடம்!" என்றார் மேலாளர்.

"ஒண்ணும் ரெண்டும் சேர்ந்ததுதானே சார் மூணு? அந்த நாலுல எதெது உள்ள இருக்கோ அதையெல்லாம் கழிச்சிட்டுப் பாருங்க. மிச்சம் இருந்தாத்தான் தப்பு."

முதலாளி எதிரில் பாடம் கேட்க மேலாளருக்குப் பொறுக்கவில்லை. சோதனையையே அழித்துவிட்டார். "இப்ப எல்லாமே செல்லும். திருப்தியா?"

"ஒழுங்கான சோதனையைப் போடுங்க. இல்லன்னா நான் கிளம்பறேன்."

"கிளம்புங்க."

வேலையை விட்டு வந்தும் வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத சித்தி என் பெட்டியைக் கவிழ்த்தாள். துணி, காலணி, புத்தகம் எல்லாம் போக, ஒரு புகைப்படம் மிஞ்சியது.

"யாருடி இவன்?"

"கூட ஊர் சுற்றினவன், சித்தி."

"இவனை எந்தக் கதவுல சேர்க்கறது?"

அவள் அடுத்துச் சித்தப்பாவின் பையைத் தொட்டதும் அவர் கும்பிட்டார். "எவனாவது இவளை வேலைக்குக் கூப்பிடுங்கப்பா!"

எத்தனையோ நேர்காணலுக்குப் போனாள். எந்த நாற்காலியும் அவளுக்குப் பிடிக்கவில்லை. போன் சத்தம் கேட்டால் மட்டும் சமையலறையிலிருந்து ஓடி வருவாள்.

நான் அடுத்த பயணத்துக்குச் சீட்டு எடுத்த வாரத்தில்தான் மேலாளரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. சித்தி சத்தமாகப் படித்தாள்:

"மேடம், முதலாளிக்குப் பதினைஞ்சுதானேன்னு எனக்குப் பதினாறு போட்டுக்கிட்டேன். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாம அட்டை குடுத்துடுச்சு. பதினாறுங்கறது இல்லாத அஞ்சாவது கதவாம், ஒரு கதவும் திறக்க மாட்டேங்குது. வாசல்ல நிக்கறேன், மழை வேற. அந்த மிச்சம் பாக்கற சோதனையை நீங்களே வந்து போட்டுடுங்க. உங்க இடம் காலியாத்தான் இருக்காம், முதலாளி சொல்லச் சொன்னார்."