வைகாசி வெயிலுக்கு வெளிர் ரோஸ்

மேற்குத் தாம்பரத்தில் தேவானந்தத்துக்கு முன்னாலும் பந்தல்காரர்கள் இருந்தார்கள். கம்பு நட்டோமா, துணி கட்டினோமா, போனோமா என்று இருந்தவர்கள். இந்த மனுஷன் அப்படியில்லை. மொட்டை மாடியில் விசேஷம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஒரு வாரம் முன்னதாகவே, விசேஷம் நடக்கப்போகிற அதே நேரத்துக்கு அங்கே ஏறிப்போய் நின்றுவிடுவார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எதிர்வீட்டுச் சுவரில் என்ன பெயிண்ட் என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிற பெண்கள், "இன்னாண்ணா, வேவு பாக்குறியா?" என்று வம்புக்கு இழுப்பார்கள். சிரித்துக்கொண்டே பார்த்த வேலையைப் பார்ப்பார்.

பந்தலின் நிறம் துணியோடு நிற்காது. அதன் வழியாக இறங்குகிற வெயில், கீழே உட்கார்ந்திருப்பவர் முகத்திலெல்லாம் அதைப் பூசிவிடும். தை மாதத்து இளவெயிலுக்கு மெரூன்கூடத் தாங்கும். ஐப்பசியில் வானம் மூட்டம் போட்டால் ஆரஞ்சு வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண வீடு இழவு வீடாகத் தெரியும். வைகாசி உச்சிவேளையில் சிவப்புக் கட்டினால் அத்தனை பேருக்கும் காய்ச்சல் முகம், பச்சை கட்டினால் கல்யாணப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவள் போல. வைகாசிக்கு வெளிர் ரோஸ் ஒன்றுதான். அதன் கீழே எப்பேர்ப்பட்ட முகமும் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாகிவிடும். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மாடி மாடியாக ஏறி அவரே கண்டுபிடித்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2004 வைகாசியில் அவருடைய ஒரே பெண் சத்யப்ரியாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். மாப்பிள்ளை மதியழகன் சிறுசேரியில் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கோடையில் தெருக்குழாய் வறண்டு, லாரித் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அதுவும் ஒரு வாடையோடு வரும்.

"சோறே எறங்க மாட்டேங்குதும்மா. எழுந்து நின்னா தள்ளுது" என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் பெண்.

"புள்ளத்தாச்சின்னா அப்படித்தாண்டி. உன்னச் சொமந்தப்ப நான் படாத பாடா?" என்றாள் அம்மா சரளா.

ஊருக்கெல்லாம் கட்டுகிற துணியைப் பெற்ற பெண்ணுக்குக் கட்டுவதா? வெளிர் ரோஸில் புதுத் துணி எடுத்து, தன் வீட்டு மாடியில் இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினார் தேவானந்தம். வெள்ளை வெயில் ஒரு பொட்டுகூட உள்ளே விழவில்லை. சுமங்கலிகள் வரிசையாக வந்து சத்யப்ரியாவின் கன்னத்திலும் கையிலும் மஞ்சளும் சந்தனமும் பூசி வளையல் போட்டார்கள். "இன்னா களை பாரு, கண்ணு பட்டுடப் போவுது!" என்று சரளாவின் அக்கா நெட்டி முறித்தாள். பெண் சொக்கிப்போய் அம்மா தோளில் சாய்ந்திருந்தாள். படிக்கட்டு ஓரம் நின்று பார்த்த அப்பனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் கட்டியதிலேயே இதுதான் உசத்தி என்று நினைத்தார். பாவி மனுஷன்!

மறுநாள் காலை பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சத்யப்ரியா மெல்ல மாடியேறி வந்தாள்.

"ஒடம்பெல்லாம் அரிக்குதுப்பா."

"நேத்துப் பூசின மஞ்சள ஒழுங்கா கழுவலியா நீ?"

"ரெண்டு தபா சோப்பு போட்டேன்பா."

கடைசிக் கயிற்றை அவிழ்த்தார். துணி சரிந்தது. பளீரென்று வெயில் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். கண்ணுக்குள் யார் மஞ்சள் பூசுவார்கள்?

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூன்றாம் நாள் தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று.

"கண்ணு நாலஞ்சு நாளாவே மஞ்சளா இருந்திருக்குமே, யாரும் பாக்கலையா?" என்று கேட்டார் டாக்டர்.

"நூறு பேர் பாத்தாங்க சார். அத்தினி பேரும் அழகா கீறான்னுதான் சொன்னாங்க" என்று சரளா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காமாலையையே ரோஸாக்கி ஊருக்குக் காட்டியவர் தேவானந்தம் ஒருவர்தான். அதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன ஆவாள்?

அடுத்த வருஷம் சேலையூரில் சரோஜினி அம்மாள் வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு. மாடியைப் பார்க்கப் போன தேவானந்தம், "மருமவள ஒரு நிமிசம் மேல கூப்டுங்கம்மா" என்றார். நிறம் பொருத்திப் பார்க்கத்தான் என்று நினைத்து அழைத்து வந்தார்கள். அவளை நட்ட நடு வெயிலில் நிறுத்தினார்.

"கண்ண நல்லா தெறந்து மேல பாரும்மா."

"யோவ், பந்தல்காரனுக்குக் கண்ணுல இன்னாய்யா வேலை?" என்று சரோஜினி அம்மாள் சீறினாள்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது கண்.

"நல்லா கீதும்மா. சுத்தமா கீது" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிள்ளைத்தாய்ச்சி எதிரில் அழுகையா? அபசகுனம் பிடித்தவன் என்று திட்டி விரட்டிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வேலை போனதற்கு அவர் வருத்தப்படவில்லை. அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் வளைகாப்பு என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.