செருப்பில்லாத சூப்பர் ஹீரோ

வேங்கிக்காலில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மனு எழுதித் தருவேன், டைப் அடித்துத் தருவேன், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுவேன். அப்படியும் தப்பான இடத்தில் போட்டால் திட்டுவேன். இத்தனை வருடம் திட்டியே பழகிய வாயோடுதான், பௌர்ணமிதோறும் அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் குப்பை பொறுக்க ஒரு குழுவை ஆரம்பித்தேன்.

முதல் மாதம் பதினான்கு பேர் வந்தார்கள். ஐந்தாவது மாதம் மூன்று பேர்: நான், அடுத்த தெருவில் இருக்கும் டிராயிங் டீச்சர், என் கடைக்குத் தாள் கட்டு ஏற்றி வரும் ஆட்டோ டிரைவர். ஆறாவது மாதமும் இப்படியே போனால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். மற்றவர்கள் ஏன் நின்றுவிட்டார்கள் என்று கேட்டேன்.

"உங்க வாய்தான் அக்கா," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒத்துக்கொள்வேனா? ஜனங்களுக்கு ஒரு கவர்ச்சி வேண்டும், அதுதான் குறை என்று சாதித்தேன். அப்படிப் பிறந்தவர்தான் எங்கள் சூப்பர் ஹீரோ. எட்டுப் பக்கத்தில் ஒரு படக்கதை. நான் எழுதுவேன், டீச்சர் வரைவாள், என் கடையிலேயே அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். பௌர்ணமியன்று யாராவது அந்த வேஷம் போட்டுக்கொண்டு எங்களோடு வர வேண்டும். பெயர் வைப்பதில் வந்த சண்டை தீராததால் கடைசி வரை அவருக்குப் பெயரே இல்லை.

ஒரே ராத்திரியில் கதையை எழுதி முடித்தேன். ஹீரோ வானத்தில் பறந்து வந்து மலை உச்சியில் இறங்குவார். கீழே கிடக்கும் எச்சில் தட்டை நோக்கிக் கையை நீட்டி, "எடுங்கள் அந்தத் தட்டை" என்று கர்ஜிப்பார். ஊரே நடுங்கிப்போய் எடுக்கும். படித்துக்கொண்டே தாளின் ஓரத்தில் ஹீரோவை வரைந்து பார்த்த டீச்சர், பென்சிலைக் கீழே வைத்தாள்.

"மலைமேல எறங்குறாரா?"

"சூப்பர் ஹீரோன்னா பறக்காம, ஷேர் ஆட்டோவுலயா வருவாரு?"

"மலையே சாமி அக்கா. அது தலைமேல காலை வெச்சு நிக்கிறவன நம்ம ஊர்ல யாரு ஹீரோன்னு ஒத்துப்பாங்க?"

ஹீரோ தரைக்கு வந்துவிட்டார். தரைக்கு வந்ததும் அடுத்த சிக்கல்: கிரிவலம் போகிறவர் பூட்ஸ் போடலாமா? அதையும் ரப்பரால் அழித்தாள். உலகத்திலேயே வெறுங்காலோடு, வலப்பக்கம் மலையை வைத்து நடக்கிற ஒரே சூப்பர் ஹீரோ எங்களுடையவராகத்தான் இருப்பார்.

அதோடு விட்டாளா? "எட்டு பக்கமும் கைய நீட்டிக்கினே நிக்கிறாரு. ஒரு தட்டாவது குனிஞ்சு எடுக்குறாரா பாருங்க," என்றாள்.

"தலைவர்னா வேலை சொல்லணும். செய்யறதுக்குத்தான் மத்தவங்க."

"அப்போ இது நீங்கதான் அக்கா. துணி மட்டும் வேற."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எலுமிச்சை சாதம் கிளறிக் கொண்டுபோய் நானே கதவைத் தட்டினேன். கோபத்திலும் நான் அவசரக்காரி, சமாதானத்திலும் அப்படித்தான். அதற்குள் அவள் புதிதாக வரைந்து வைத்திருந்தாள். எல்லாப் பக்கத்திலும் ஹீரோ குனிந்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் ஒரு சண்டை பாக்கி இருந்தது. தட்டை வீசி எறியும் வில்லனைப் பிடிக்க ஹீரோ ஒரு சின்னப் பொய் சொல்வதாக எழுதியிருந்தேன். கூடவே கூடாது என்றாள் டீச்சர். நல்லதுக்குச் சொன்னால் தப்பில்லை என்றேன் நான். வாதம் முடிகிற வழியாக இல்லை. கடைசியில் அவள் ஹீரோவின் வாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு முகமூடியை வரைந்துவிட்டு, "பேசவே வேணாம், பொய்யும் வராது," என்றாள்.

பழைய ஜன்னல் திரையை வெட்டி நீல நிறத்தில் உடுப்பும் தோளில் தொங்கும் சால்வையும் அவளே தைத்தாள். போட்டுக்கொள்ள டிரைவர் தம்பி ஒப்புக்கொண்டான். கூச்ச சுபாவம். "வசனம்லாம் எனக்கு வராதுக்கா. பொறுக்கறதுன்னா பொறுக்கறேன்," என்றான்.

ஆறாவது பௌர்ணமி. சாயங்காலம் நான்கு மணிக்கு அடி அண்ணாமலை அருகில் ஆரம்பித்தோம். கூட்டம் அதற்குள் சேர்ந்துவிட்டது. அன்னதானப் பந்தல்களிலிருந்து பாக்குமட்டைத் தட்டும் பேப்பர் கப்பும் காற்றில் உருண்டு மலைப்பக்கத்து வாய்க்காலில் போய் நிறைந்திருந்தன. அதனால் தம்பி மலைப்பக்கமாகவே நடந்து பொறுக்கினான்.

அங்கேதான் விஷயம் வேறு மாதிரி ஆனது. கிரிவலம் போகிறவர்கள் பாதையின் இடது ஓரமாக நடப்பார்கள். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் உரியது, கண்ணுக்குத் தெரியாமல் அவர்கள் அங்கே நடக்கிறார்கள் என்று நம்பிக்கை. அந்தப் பக்கத்தில், யாரும் பார்த்திராத உடுப்பில், முகத்தை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு வார்த்தை பேசாமல் ஒருவர் எச்சில் தட்டு பொறுக்கிக்கொண்டு போனால் எங்கள் ஊரில் என்ன நினைப்பார்கள்? படக்கதை படித்த பிள்ளைகள் "சூப்பர் ஹீரோ" என்றார்கள். பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முதலில் ஒரு பெரியவர் சாலையிலேயே விழுந்து கும்பிட்டார். அப்புறம் நாலு பேர் அவன் சால்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவன் மிரண்டு போய் இன்னும் வேகமாகப் பொறுக்கினான். சாமியே குனிகிறதே என்று அவர்களும் குனிந்தார்கள். எனக்குப் பின்னால் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்த அம்மா என் கையைப் பிடித்தாள்.

"யம்மா, அது யாரு? சாமிங்களா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பாதையைப் பார்த்தேன். முப்பது நாற்பது பேர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியும் வராத கூட்டம்.

"ஆமாம்மா. அவரு பேசமாட்டாரு. கூட சேர்ந்து பொறுக்குங்க, நல்லது நடக்கும்," என்றேன்.

சொன்னது பரவியது. சாக்குகள் போதவில்லை. டீச்சர் வேறு சாக்கு வாங்க ஓடினாள். நான் மகிழ்ச்சியில் மிதந்தேன். அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

ஒரு மணி நேரம் கழித்து, நிரம்பிய சாக்கை இழுத்துக்கொண்டு அந்த அம்மா தம்பியின் முன்னால் போய் நின்றாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். நாலு வயது இருக்கும்; தம்பியின் நீலச் சால்வையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"சாமி, எம் பொண்ணுக்குப் பேச்சு வரல. அவ நாக்க ஒரு தபா தொட்டுவுடுங்க சாமி. ஒரு மூட்டை பொறுக்கிட்டேன்."

தம்பி முகமூடியைக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை.

"நான் சாமி இல்லம்மா. பஸ் ஸ்டாண்டாண்ட ஆட்டோ ஓட்றேன். யாரு சாமின்னு சொன்னது?"

அவள் திகைத்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் நாலடி தூரத்தில்தான் இருந்தேன். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, வாய்க்காலில் இல்லாத குப்பையைத் தேடினேன். அவ்வளவு கேவலமாக நான் என்னை ஒருபோதும் உணர்ந்ததில்லை.

"யாரோ ஒரு அம்மா," என்றாள்.

"தெரியாம சொல்லியிருப்பாங்க," என்றான் தம்பி. குழந்தையின் பின்னால் போய் முட்டி போட்டுக் கையைத் தட்டினான். குழந்தை திரும்பவில்லை. "பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு யாரையாவது பாக்கச் சொன்னீங்களா? பெரிய ஆஸ்பத்திரில பாப்பாங்க. நாளைக்குக் காலைல நானே வந்து கூட்டினு போறேன். எந்த ஊர்னு சொல்லுங்க."

கூட்டத்தில் பாதிப்பேர் முனகிக்கொண்டே கலைந்தார்கள். முதலில் விழுந்து கும்பிட்ட பெரியவர் மட்டும் தன் சாக்கைக் கீழே போடவில்லை. "சாமி இல்லன்னா இன்னா, குப்பை குப்பைதான," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஆறு மணிக்கு மூவரும் டீக்கடையில் உட்கார்ந்தோம். தம்பி டீயை ஆற்றாமல் கையிலேயே வைத்திருந்தான். "பாவம் அந்தம்மா. எந்தப் புண்ணியவதி சொன்னாங்களோ," என்றான்.

"நான்தான்," என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். பொய்யே கூடாது என்றேனே என்று சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன், அவள் என் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். தம்பி குடிக்காத டீயைப் பெஞ்சில் வைத்தான்.

"அடுத்த பௌர்ணமிக்கு நான் வர்றேன்க்கா," என்றான் கடைசியில். "ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்க வரணும். அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்."

யாராவது எனக்கு வேலை சொன்னால் பிடிக்காது. அன்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் ஆட்டோவின் பின் சீட்டில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை என் மடியில் காலை நீட்டிக்கொண்டது. அவள் ஊர் எல்லை தாண்டுவதற்குள் சொல்லிவிட்டேன்: நேற்று சாமி என்று பொய் சொன்னது நான்தான், குப்பை பொறுக்க ஆள் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன், மன்னித்துவிடுங்கள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கு அது பழகிய பாஷை, வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குழந்தையின் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சாமின்னு சொல்லாம, 'கூட வந்து பொறுக்குறியாம்மா'ன்னு கேட்டிருந்தாலே வந்திருப்பனே," என்றாள். "நானும் அந்தப் பாதையிலதான நடக்கறேன்."

அதட்டியிருக்கிறேன், ஆசை காட்டியிருக்கிறேன், பொய்யும் சொல்லிவிட்டேன். அப்படிக் கேட்டதாக மட்டும் எனக்கு ஒரு நாளும் நினைவில்லை. வந்த பதினான்கு பேரில் ஒருவரிடம்கூட.

"அடுத்த பௌர்ணமிக்கு எங்ககூட வந்து பொறுக்குறீங்களா?" என்று கேட்டேன். எளிய வாக்கியம்தான், நாக்கு தடுமாறியது.

"பாக்கலாம்மா," என்றாள்.

நேரத்தைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, கட்டாயம் வரணும் என்று அழுத்திச் சொல்ல வாய் துறுதுறுத்தது. குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரும் வரை பேசாமல் இருந்தேன்.