புல்மொட்டையில் ஓடிய பலகை

வாங்க அண்ணாச்சி, இப்படி நிழலில் உட்காருங்கள். முழங்கால் வலி தேவலையா? திசையன்விளைச் சந்தையில் வாங்கின தைலம் கேட்டதா? கால் என்றதும் ஒரு பழைய நாள் ஞாபகத்துக்கு வருகிறது...

முதலில் வருவது வாசனைதான். நெருப்பில் உருகின மெழுகு வாசனை.

ஜெர்மன் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. தை மாதம். பனை ஏறாத மாதங்களில் செம்மணல் தேரிக்காட்டுப் பனையேறிகளான நாங்கள் பாபநாசத்துக்கு மேலே மலைக்குச் சுமை தூக்கப் போவோம். அந்த வருஷம் எனக்கு வாய்த்தவர் ஒரு துரை. மலையில் எவ்வளவு மழை பெய்கிறது என்று தகர டப்பா வைத்து அளக்கிறவர். தயிரைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார். கருப்பட்டியைக் கண்டால் கையை நீட்டிவிடுவார்... அது கிடக்கட்டும்.

அவரிடம் இரண்டு பலகைகள் இருந்தன. ஆள் உயரத்துக்கு மேல் நீளம், நாலு விரல் அகலம், முனை மட்டும் மேலே வளைந்திருக்கும். ஏருக்கும் ஆகாது, படகுக்கும் ஆகாது. இது என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"காலில் போடுறது. எங்க ஊரில் பனி. மலை ஏறுவேன், அப்புறம்..." என்று உள்ளங்கையைச் சரிவாக வழுக்கிக் காட்டினார்.

இங்கே பனி ஏது? ஆனால் புல்மொட்டை என்று ஒரு சிகரம் இருக்கிறது. உச்சியில் மரமே கிடையாது. தை மாதத்தில் அந்தப் புல் காய்ந்து, கால் வைத்தால் வழுக்கும். அடுத்த வாரம் அவருக்கு ஊருக்குக் கப்பல். அதற்குள் ஒரே ஒரு நாள் அதில் ஏறி இறங்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

வழி காட்ட வந்தவர் அந்த மலையிலேயே குடியிருக்கிற காணிக்காரர்களின் தலைவர், மூப்பர். அவர் இல்லாமல் அந்த மலையில் யாரும் ஏறுவதில்லை. விடியக் கிளம்பினோம். பாதி மலையில் ஒரு கல் நட்டிருக்கும். அதற்கு மேலே முனிவர் நடந்த மலை என்று அங்கே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். துரையோ அங்கே உட்கார்ந்து, பையிலிருந்து நீளமாக இரண்டு ரோமத்தோலை உருவினார். ஏறும்போது வழுக்காமல் இருக்கப் பலகைக்கு அடியில் கட்டுவதாம்.

மூப்பர் முகம் மாறிவிட்டது.

"அது என்னலே?"

"தோலு, மூப்பரே. கடல்ல கெடக்குத ஏதோ ஒண்ணோட தோலாம்."

"தோலு இந்தக் கல்லைத் தாண்டப்படாது. தாண்டிச்சுன்னா எங்க ஆளுக எனக்கு அடுப்பு மூட்ட நெருப்பு தர மாட்டாவ. மாசியில எம் மவளுக்குக் கல்யாணம். பந்தல்ல நான் நிக்க முடியாது, தெரிஞ்சுக்கோ."

"அப்பம் பலகை?"

அவர் பலகையைத் தடவினார். மோந்து பார்த்தார். விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எனக்கே சிரிப்பு வந்தது.

"மரம்தான். மரக்குறடு போட்டுக்கிட்டுத்தானே முனிவரு இந்த மலையில நடந்தாரு? மரம் போவலாம்."

ஆனால் துரையின் பூட்ஸ் தோல். பலகையில் காலைக் கட்டுகிற வாரும் தோல். துரை தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் இடுப்பில் தளைநார் இருந்தது. பனை ஏறும்போது இரண்டு காலையும் சேர்த்து மாட்டுகிற நார் வளையம். வேலை இல்லாத மாதத்திலும் அதைக் கூடவே வைத்திருப்போம். வெட்டக்கூடாது என்பார்கள். தோல் வாருக்குப் பதிலாக நான் அதை வெட்டினேன்! அந்தப் பலகை எப்படி ஓடும் என்று பார்க்காமல் இறங்க எனக்கு மனசில்லை.

தோல் எல்லாம் கல்லுக்குக் கீழேயே தங்கியது. துரை வெறுங்காலோடு ஏறினார். கல் குத்தி ரத்தம் வந்தது. நின்று துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். உச்சியிலிருந்து பார்த்தால் தாமிரபரணி வேட்டிக்கரை மாதிரி கிடந்தது. விக்கிரமசிங்கபுரம் மில் புகை கூடத் தெரிந்தது. அங்கேதான் வழியில் பொறுக்கின சுள்ளியை மூட்டி, மெழுகை உருக்கிப் பலகையில் தேய்த்தார். நாரைக் கிழித்து ஒவ்வொரு காலையும் பலகையோடு நானே கட்டினேன்.

போய்விட்டார்.

சர்ர்ரென்று புதுத் துணி கிழிகிற சத்தம். கீழே புதர் ஓரத்தில் குப்புற விழுந்தார். அசைவில்லை... பிறகு ஒரு கை மேலே வந்தது.

மூப்பர்தான் முதலில் ஓடினார். துரையின் காலைப் பார்த்தார். நார்தான். அப்புறம் மேலே பார்த்தார். சட்டை விலகின இடத்தில், இடுப்பில் பெல்ட். நல்ல தடித்த தோல்!

அதுவும் கல்லைத் தாண்டி வந்திருக்கிறது. மூன்று பேரும் கவனிக்கவே இல்லை.

"மூப்பரே..." என்றேன்.

"இருலே. நடந்தது காலா, இடுப்பா?" என்றார். குனிந்து துரையின் காலில் இருந்த நாரை அவிழ்த்தார். "நம்ம ஆளுககிட்ட நானே சொல்லிக்கிடுதேன். மறைக்க மாட்டேன். இப்பம் என்னையும் ஒருக்க பலகையில ஏத்தச் சொல்லு."

ஏற்றினோம். பத்து முழம் ஓடி, பொத்தென்று உட்கார்ந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏ மக்கா! மலைல்லா ஓடுது, நான் நிக்கேன்!"

பெல்ட் கல்லைத் தாண்டினதற்குப் பரிகாரமாகத் தேனும் பழமும் மலைக்குப் படைக்கச் சொன்னார்கள் அவருடைய ஆட்கள். படைத்தார். மாசியில் மகளின் பந்தலில் தலைநிமிர்ந்து நின்றார். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

இப்போது அந்தக் கல்லைத் தாண்டிப் பூட்ஸோடு எத்தனையோ பேர் போகிறார்கள். யாரும் கேட்பதில்லை. துரை ஊருக்குப் போனவர்தான், சேதி இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. அன்றைக்கு மூப்பருக்கு அப்புறம் துரை என்னைப் பார்த்து, "நீ?" என்று கேட்டார். தினம் நாற்பது பனை ஏறுகிறவன், பயந்துபோய் வேண்டாம் என்றேன். மலை ஓடினது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன், அண்ணாச்சி. அந்தப் பலகை மட்டும் இப்போது கிடைத்தால், இந்த வயதிலும் ஒரே ஒரு தடவை நான்... இருங்கள், பக்கத்து வீட்டுக்காரன் கத்துகிறான்.

"ஏ, உம்ம எருமை கயித்த அத்துக்கிட்டு ஆத்தப் பாத்து ஓடுது! அங்கன உக்காந்து கதையா அளக்கீரு? ஓடியாரும்வே!"