ஒரு மணித் தலைவலி

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தும் தள்ளிவிடாத ஆண்டவருக்கு முதலில் ஸ்தோத்திரம். என் பெயர் ஸ்டெல்லா. முத்தியால்பேட்டையில் பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் காலர் தைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பயம் பிடித்துக்கொண்டது. எனக்குக் கொடுத்த மெஷினில் முன்பு இருந்தவரை “அல்லேலூயா பார்ட்டி” என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கக்கேடு. ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ஜெபிக்க வேண்டுமே! நெற்றியைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அவசர அவசரமாக மனதுக்குள் ஜெபித்தேன்.

“இன்னா ஸ்டெல்லா, தலவலியா?” என்று கேட்டார் பக்கத்து மெஷின் செல்வி அக்கா.

“ஆமாங்க்கா” என்று வாய் முந்திக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் சரியாக ஒரு மணிக்கு எனக்குத் தலைவலி. ஒருத்தி தைலம் தேய்த்தாள். இன்னொருத்தி சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். சூப்பர்வைசர் அண்ணன் கண் பரிசோதனைக்கு அரை நாள் லீவு கொடுத்தார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் எல்லோரும் இன்னும் பயந்துபோனார்கள். தைலம் கண்ணில் பட்டுத் தண்ணீர் கொட்டும். பார்க்கிறவர்களுக்கு நான் வலியில் அழுவதுபோல் இருக்கும்.

ஐப்பசி மாதம் ஒரு விஷயம் கவனித்தேன். செல்வி அக்கா வைத்திக்குப்பத்துக்காரர். கணவர் கடலுக்குப் போகிறவர். மீன் இல்லாமல் அக்காவுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் இரண்டு வாரமாக வெறும் ரசம் சாதம் கொண்டுவருகிறார்.

“ஒடம்பு சரியில்லையாக்கா?”

“எனக்கு இன்னாடி? உன் தலவலி போற வரைக்கும் மீன் தொட மாட்டேன்னு அம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கேன்.”

எனக்கு உண்மையாகவே தலை வலித்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன். வலி போய்விட்டது என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் அது அடுத்த பொய். அவர் தன் சாமியை ஊரறியக் கும்பிடுகிறார், அதுவும் எனக்காக. நான் என் தேவனை நெற்றிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். “ஆண்டவரே, எனக்குத் தைரியம் இல்லை. நீர்தான் தர வேண்டும்” என்று கேட்டேன்.

மறுநாள் ஒரு மணி. தைரியம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. கை பழையபடி நெற்றிக்குப் போனது. செல்வி அக்கா தைலப் புட்டியோடு எழுந்தார். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

“அக்கா, எனக்குத் தலவலியே இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. நான் ஜெபம் பண்றேன்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முகம் சிவந்தது.

“ரெண்டு வாரம்! வஞ்சிரத்த வறுத்து ஊட்டுல எல்லாருக்கும் போட்டுட்டு, நான் ரசம் குடிச்சேன்டி!”

“மன்னிச்சிடுங்கக்கா. சிரிப்பீங்கன்னு பயம்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். சாமி கும்புடறதுக்கு இன்னாடி வெக்கம்?” என்றவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எங்க ஊட்டுக்காரரு இந்தக் காத்துலயும் கடலுக்குப் போறாரு. அவருக்கும் சேத்து வேண்டு. வாய்க்குள்ள இல்ல, எனக்குக் கேக்கணும்.”

சத்தமாக ஜெபித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் அவர் கணவர் நல்லபடியாகக் கரை சேர்ந்தார். என் நாவும் கட்டவிழ்ந்தது.

போன மாதம் ஒரு நாள் லீவு போட்டு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு மணிக்குச் செல்வி அக்கா போன் செய்தார்.

“எல்லாரும் டப்பாவ மூடி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கோம். பசிக்குது. சீக்கிரம் ஜெபத்தச் சொல்லு.”

கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உரக்க ஜெபித்தேன். டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

அன்பானவர்களே, தைரியம் வந்த பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது வாயைத் திறந்த பிறகுதான் வந்தது. ஆண்டவர் உங்களுக்கும் தருவார்.