சுனில் கொடுத்த ஊதுபத்தி

ஃபோர்மேன் அண்ணே, அந்தப் பாவத்தில் பாதி உங்களுடையது.

வளைகுடாவில், ருவைஸ் பிளாண்டிலிருந்து நம் இருவரையும் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பினார்கள். கிளம்பும்போது என் ரூமில் இருந்த சுனில் ஒரு ஊதுபத்திக் கட்டைக் கையில் திணித்தான். சிங்களவன். அவன் மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன் வைத்திருந்தார்கள்.

"அங்க பெரிய புத்தர் இருக்கு மச்சான். பேபி பேர் சொல்லி வை."

எனக்கு அம்மை போட்டபோது தொழிலாளர் கேம்ப்பே ஒதுங்கிப்போனது. கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.

லீவு நாளில் அந்தக் கோயிலுக்குப் போனோம். திறந்தவெளியில், மழையில் நனைந்து பச்சை பூத்த வெண்கலப் புத்தர், மூன்று மாடி உயரம். நான் கட்டைப் பிரித்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அவன் நாட்டுல சண்டையில நம்ம சனம் சாவுது. நீ சிங்களவனுக்குப் பத்தி கொளுத்துறியா? வெக்கமா இல்ல?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். புத்தரைப் போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்து இளித்தேன். நீங்கள் போட்டோ எடுத்தீர்கள்.

திரும்பி வந்ததும் சுனில் கேட்டான். "வச்சதா மச்சான்?"

"வச்சேன்டா."

அவன் என் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். குப்பையில் போட்ட அதே கை. நான் இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

பிள்ளை பிழைத்துவிட்டது. அதற்கும் எனக்குத்தான் நன்றி சொன்னான்.

சுனில், நான் வைக்கவில்லை. இந்தப் பத்திரிகையில் ஊரறிய எழுதிவிட்டேன்.

அண்ணே, நீங்களும் இதே பக்கத்தில் பதில் எழுதுங்கள். அந்தப் பிள்ளை நம் சனத்தில் யாரைக் கொன்றது?