நியூஸ் அக்காவின் இடது காது

இணைய இணைப்பு கொடுக்கும் அந்தக் கம்பெனியின் உதவிப் பிரிவில் அவளை எல்லாரும் ‘நியூஸ் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். செய்தி வாசிக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். நியூஸ்குரூப் பற்றி யார் போனில் கேட்டாலும் அந்த அழைப்பை மற்றவர்கள் அவள் தலையில் கட்டிவிடுவார்கள்; அதனால் வந்த பெயர். மோடம் கீச்சிட்டுக் கத்தி இணைப்பு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது.

வேலை மலையைப் புரட்டுவது இல்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நியூஸ்குரூப் என்பது பொது அறிவிப்புப் பலகை மாதிரி. தோட்டத்துக்கு ஒரு பலகை, சதுரங்கத்துக்கு ஒரு பலகை, சர்க்கரை வியாதிக்கு ஒரு பலகை. படிப்பதற்கு நியூஸ்ரீடர் என்ற மென்பொருள் வேண்டும். அதில் கம்பெனி சர்வரின் முகவரியைக் கொடுத்தால் குழுக்களின் பட்டியல் இறங்கும், வேண்டியதில் சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்த உடனே வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்ச நாள் சும்மா படித்து, அங்கே எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வழக்கமான கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருப்பார்கள். அதை முதலில் படிக்க வேண்டும். தலைப்பில் வெறுமனே ‘உதவி’ என்று போடாமல், என்ன உதவி என்று போட வேண்டும். இத்தனையும் சொல்லி முடித்தால், பாதிப் பேர், ‘சரி, இதுல டிவி நியூஸ் எப்ப வரும்?’ என்று கேட்பார்கள். அவள் மறுபடி பலகையிலிருந்து ஆரம்பிப்பாள்.

இப்படி வருடக்கணக்கில் ஹெட்செட் மாட்டிய இடது காதில் ஒருநாள் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. கருவிதான் கெட்டுவிட்டது என்று கழற்றி வைத்தாள். சத்தம் போகவில்லை. வீட்டுக்கும் கூடவே வந்தது. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் ஊதிக்கொண்டே இருந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். எப்படிப் பழகுவது என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

புருஷன் பஸ் டிரைவர். அவனிடம் சொன்னாள். அவன் ஷூவைக் கழற்றியபடியே, “எனக்கும்தான் நாள் முழுக்க இன்ஜின் காதுக்குள்ள ஓடுது. என்ன பண்ணச் சொல்ற?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கும் அதற்கு மேல் தெம்பில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம், பட்டியலில் குழுவைத் தேடுவது எப்படி என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தவள், கை போன போக்கில் தன் திரையில் ‘காது’ என்று அடித்துப் பார்த்தாள். காது இரைச்சல்காரர்களுக்கென்றே ஒரு குழு இருந்தது. ஊருக்கெல்லாம் வழி காட்டியவள் தனக்கென்று ஒரு குழுவிலும் சேர்ந்ததில்லை. அன்று சேர்ந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் படிப்பாள். யார் யாரோ, எங்கெங்கோ இருப்பவர்கள். அவள் வீட்டில் சொல்ல முடியாமல் விட்டதை அவர்கள் சர்வ சாதாரணமாக எழுதியிருந்தார்கள். ஒருநாள் மனசு தாங்காமல் அவளும் எழுதினாள். தலைப்பு: ‘உதவி’. முதல் பதில் சாட்டையடி மாதிரி வந்தது. புதிதாக வருகிறவர்கள் இங்கே எழுதி வைத்திருப்பதைப் படித்துவிட்டு வந்தால் புண்ணியமாகப் போகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

இரண்டாவது பதில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் ஒருவரிடமிருந்து. காதை நம்பிப் பிழைப்பவர். அவருக்கும் இதே விசில். ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், படுக்கும்போது ஃபேன் ஓடட்டும் என்று எழுதிவிட்டு, கடைசியில், ‘களைப்பாக இருக்கும் நாளில் இது பெரிதாகக் கேட்கும். நோய் முற்றிவிட்டது என்று பயப்படாதீர்கள், களைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்’ என்று சேர்த்திருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு, டிபன் டப்பாவை மூடாமலே இன்னொரு தடவை படித்தாள்.

சில மாதத்தில் மேலிடம் முடிவெடுத்தது: நியூஸ் சர்வரை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை, மூடிவிடலாம். அழைப்பவர்களிடம் ‘சேவை நிறுத்தப்பட்டது’ என்று மட்டும் சொல்ல வேண்டும். பயன்படுத்தாத அத்தனை பேரும் அன்றைக்கே போன் செய்த மாதிரி இருந்தது. அவளும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்போது ஒரு அம்மா பேசினார். ஞாபகம் தப்பிப்போன கணவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர். அதே நிலைமையில் உள்ளவர்கள் பேசும் குழுவில் இருந்தவர்.

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூட முடியாதாம்மா?”

அவள் தன் குறிப்பு நோட்டைப் புரட்டினாள். பிறகு, “குழு எங்கயும் போகலைம்மா. அது எங்க கம்பெனியோடது இல்ல. ஊர்ல இருக்கிற எல்லா நியூஸ் சர்வர்லயும் அதோட நகல் இருக்கு. வேற முகவரி ஒண்ணு தர்றேன், அதை மட்டும் மாத்துங்க, போதும்” என்றாள். பொதுச் சர்வர் ஒன்றின் முகவரியைப் பியானோக்காரர் குழுவில் போட்டிருந்தார். அதை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அதற்கடுத்தவருக்கும் சொன்னாள். அன்று முழுவதும் சொன்னாள்.

அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டான். வயதில் சின்னவன், தூங்கி நாளான கண்.

“மேலிடத்துக்குத் தெரிஞ்சிருச்சு அக்கா. இனிமே சொல்லாதீங்க.”

“கேட்டா சொல்லிருவேன். தெரிஞ்சதை மறைக்க முடியல.”

“எனக்கு வேற வழி வைக்க மாட்டேங்கிறீங்களே” என்று அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

மறு வாரம் அவளைப் போனிலிருந்து எடுத்து, புகார் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் மேஜையில் போட்டார்கள். கழிப்பறையை ஒட்டிய மூலை. அங்கே போவதென்றால் எல்லாருக்கும் வேப்பங்காய். பதவி இறக்கம்தான், பெயர் மட்டும் இடமாற்றம்.

அன்று சாயங்காலம் புருஷன், புது இடம் எப்படி என்று விசாரித்தான்.

“ரொம்ப அமைதியா இருக்குங்க. விசில் நல்லா தெளிவா கேக்குது.”

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன், அந்தச் சத்தம் எப்படித்தான் இருக்கும் என்று கேட்டான். அவள் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிக் காட்டினாள். அவன் தலையைச் சாய்த்து, அவள் நிறுத்தும் வரை கேட்டுக்கொண்டிருந்தான்.